டிவிடெண்ட் வரப்போகிற பங்கை எப்போது விற்பது? எக்ஸ் தேதி, வரி, ஆர்டர்: முழுமையான வழிகாட்டி

ஒரு பங்கை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தாகிவிட்டது. பார்த்தால் அடுத்த வாரம் டிவிடெண்ட் (நிறுவனம் பங்குதாரர்களுக்குத் தரும் லாபப் பங்கு) வருகிறது. "அதையும் வாங்கிக்கொண்டே விற்கலாமே" என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். சில நேரம் அது சரியான முடிவு. ஆனால் வரி அதிகம் கட்டுகிறவருக்குப் பெரும்பாலும் அது கைக்காசை இழக்கும் முடிவு. எது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. சரியான தேதி, டிவிடெண்டின் அளவு, உங்களுடைய இரண்டு வரி விகிதங்கள் (டிவிடெண்டுக்கு ஒன்று, விற்ற லாபத்துக்கு ஒன்று) ஆகியவை கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடலாம்.

கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் எந்த நாட்டு நாணயத்தையும் போட்டுப் பார்க்கலாம். வரி, செட்டில்மென்ட் (விற்ற பங்கும் பணமும் கைமாறுவது) விதிகள் நாட்டுக்கு நாடு மாறும் இடங்களில் எந்த நாடு என்பதைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

## நான்கு தேதிகள், அவற்றில் விற்பவருக்கு வேண்டியது ஒன்று

டிவிடெண்ட் அறிவிப்பு வந்தால் நான்கு தேதிகள் பேச்சில் வரும். நிறுவனம் தொகையைச் சொல்வது அறிவிப்புத் தேதி. அந்த டிவிடெண்டுக்கான உரிமை பங்கிலிருந்து கழன்றுவிடும் நாள் எக்ஸ் தேதி. பங்குதாரர் பட்டியலை நிறுவனம் எடுத்துப் பார்ப்பது ரெக்கார்டு தேதி. கடைசியாகப் பணம் வந்து சேரும் தேதி.

இவற்றில் விற்பவர் பார்க்க வேண்டியது எக்ஸ் தேதியை மட்டும். அதற்கு முந்தைய வர்த்தக நாள் முடியும்போது பங்கு உங்களுடையதாக இருந்தால் டிவிடெண்ட் உங்களுக்கு. மறுநாள் சந்தை திறந்த முதல் நிமிடத்திலேயே விற்றாலும் அந்த உரிமை போகாது. முந்தைய நாளே விற்றுவிட்டால் முழுத்தொகையும் வாங்கியவருக்குப் போகும். கடன் பத்திரத்தை விற்றால் அன்றுவரை சேர்ந்த வட்டியை விலையோடு சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். பங்கில் அப்படிப் பகுத்துத் தரும் வழக்கம் இல்லை. பத்து வருடம் வைத்திருந்தாலும் ஒரு நாள் முந்தி விற்றால் அந்த டிவிடெண்டில் ஒரு காசும் வராது.

இதில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பணம் வரும் தேதி வரை பங்கை விடாமல் வைத்திருப்பது ஒன்று. எக்ஸ் தேதிக்கும் பணம் வருவதற்கும் நடுவே பல வாரங்கள் ஓடலாம், அத்தனை நாளும் விலை ஏற்ற இறக்கத்தைத் தேவையில்லாமல் சுமக்கிறீர்கள். மற்றொன்று, ரெக்கார்டு தேதி முடிந்த மறுநாள்தான் விற்க வேண்டும் என்று காத்திருப்பது. அதற்கும் அவசியம் இல்லை. ஏன் என்பதற்கு செட்டில்மென்டைப் பார்க்க வேண்டும்.

## எக்ஸ் தேதியைச் சரியாகக் கண்டுபிடிப்பது

இன்று வாங்கிய பங்கு வாங்கியவர் பெயருக்கு மாற ஒரு வேலை நாள் ஆகிற சந்தை டி+1, இரண்டு வேலை நாள் ஆகிற சந்தை டி+2. எக்ஸ் தேதி இதிலிருந்துதான் பிறக்கிறது.

டி+1 சந்தையில் ரெக்கார்டு தேதி புதன்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் வாங்கியவர் பெயர் புதன் முடிவதற்குள் பட்டியலில் ஏறிவிடும். புதன் வாங்கியவர் பெயர் வியாழன்தான் ஏறும். ஆகவே புதன்கிழமையே எக்ஸ் தேதி, அதாவது இரண்டும் ஒரே நாள். புதன் காலை விற்பவரின் பங்கு வியாழன்தான் கணக்கை விட்டுப் போகும் என்பதால் புதன் இரவுப் பட்டியலில் அவர் பெயர் இருக்கும். டி+2 சந்தையில் எக்ஸ் தேதி ரெக்கார்டு தேதிக்கு ஒரு வேலை நாள் முன்னால் வரும். லண்டனில் பெரும்பாலும் வியாழன் எக்ஸ் தேதியாகவும் வெள்ளி ரெக்கார்டு தேதியாகவும் இருப்பது இதனால்தான்.

பழைய கட்டுரைகளை நம்பி ஏமாறுவது இங்கேதான். இந்தியா 2022 பிப்ரவரியில் தொடங்கி, 2023 ஜனவரி 27-இல் எல்லாப் பங்குகளையும் டி+1-க்குக் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்கா 2024 மே 28 அன்று மாறியது. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2027 அக்டோபர் 11-ஐ மாற்றத்துக்கான நாளாக வைத்திருக்கின்றன. "ரெக்கார்டு தேதிக்கு முந்தைய நாள்தான் எக்ஸ் தேதி" என்று டி+2 காலத்தில் எழுதியதை இன்றைய டி+1 சந்தையில் பின்பற்றினால், டிவிடெண்ட் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஒரு நாள் முன்னதாக விற்றுவிடுவீர்கள்.

விடுமுறைகளையும் பார்க்க வேண்டும். டி+1 சந்தையில் ரெக்கார்டு தேதி சனிக்கிழமையில் விழுந்தால் வெள்ளிக்கிழமையே எக்ஸ் தேதி. அந்த வெள்ளியும் விடுமுறை என்றால் வியாழன். பங்குச் சந்தை திறந்திருந்து வங்கிகள் மூடியிருக்கும் நாட்களில் செட்டில்மென்ட் தள்ளிப்போகும், அதோடு எக்ஸ் தேதியும் நகரலாம். எனவே ரெக்கார்டு தேதியிலிருந்து நீங்களே எண்ணிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். சந்தையின் இணையதளத்தில் கார்ப்பரேட் ஆக்‌ஷன் பகுதியில் எக்ஸ் தேதி என்றே தனியாகப் போட்டிருப்பார்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித் தளங்களின் காலண்டரில் சென்ற ஆண்டு தேதியை வைத்து மதிப்பிட்டுப் போட்டிருப்பதும் உண்டு.

அதே பக்கத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள்: இது இடைக்கால டிவிடெண்டா, இறுதி டிவிடெண்டா? இறுதி டிவிடெண்டை இயக்குநர் குழு பரிந்துரைக்கும், பங்குதாரர்கள் கூடும் பொதுக்குழு ஒப்புதல் தரும். பல நிறுவனங்களில் எக்ஸ் தேதி முன்னால் வந்து பொதுக்குழு பின்னால் நடக்கும். ஜப்பானில் ரெக்கார்டு தேதி பெரும்பாலும் மார்ச், செப்டம்பர் மாதங்களின் கடைசி நாள். அங்கே எக்ஸ் தேதியன்று சந்தை விலையிலிருந்து கழிப்பது நிறுவனம் முன்கூட்டிச் சொன்ன மதிப்பீட்டைத்தான், உறுதியான தொகை பிறகே தெரியும்.

வெளிநாட்டு நிறுவனத்தின் ஏடிஆர் (அதன் பங்குக்கு ஈடாக அமெரிக்கச் சந்தையில் விற்கப்படும் சான்று) வைத்திருப்பவர்கள் சொந்த நாட்டுச் சந்தையின் எக்ஸ் தேதியைப் பார்க்கக் கூடாது. ஏடிஆருக்கு என்று தனி எக்ஸ் தேதி இருக்கும்.

## எக்ஸ் தேதியன்று விலைக்கு என்ன நடக்கிறது

நிறுவனத்தின் கையிலிருந்து பங்குக்கு 10 வெளியே போகப்போகிறது. எக்ஸ் தேதியன்று வாங்குபவருக்கு அந்த 10 கிடையாது, அதனால் அவர் 10 குறைத்துத்தான் கேட்பார். நேற்று 500-இல் முடிந்த பங்கு, வேறு செய்தி ஏதும் இல்லாவிட்டால், இன்று 490-ஐ ஒட்டித் திறக்கும். டிவிடெண்ட் உங்களுக்குத் தனியாக வந்த லாபம் இல்லை. உங்கள் பங்கின் மதிப்பில் ஒரு பகுதி ரொக்கமாக மாறுகிறது, அவ்வளவே. அப்படி மாறும்போது வரியும் வருகிறது.

இறக்கம் டிவிடெண்டுக்குச் சரிசமமாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எட்வின் எல்டன், மார்ட்டின் குரூபர் இருவரும் நியூயார்க் பங்குச் சந்தையின் 1966-67 விலைகளை எடுத்து 1970-இல் வெளியிட்ட ஆய்வில், எக்ஸ் தேதி இறக்கம் சராசரியாக டிவிடெண்டில் சுமார் 78 சதவீதம் என்று கண்டார்கள். அன்று அமெரிக்காவில் டிவிடெண்டுக்கு வரி அதிகம், பங்கை விற்றுக் கிடைக்கும் மூலதன ஆதாயத்துக்குக் குறைவு. வரி போகக் கையில் மிஞ்சுவதற்கு ஏற்பச் சந்தை விலையைக் குறைக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இந்தச் சதவீதம் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறும். ஒரு தனிப் பங்கில், ஒரு தனி நாளில், அதை முன்கூட்டிச் சொல்லவே முடியாது. அன்று சந்தை நன்றாக ஏறினால் இறக்கமே கண்ணில் படாமல் போகலாம்.

சார்ட்டைப் பார்த்து இதைச் சோதிக்க நினைத்தால் ஒரு எச்சரிக்கை. பல சார்ட்டுகளில் பழைய விலைகளை டிவிடெண்டுக்கு ஏற்பத் திருத்திக் காட்டுவார்கள், அதில் இறக்கம் மறைந்துவிடும். திருத்தாத விலையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

## முன்பா பின்பா: கணக்கு

ஒப்பிட வேண்டியவை இரண்டு தொகைகள்.

எக்ஸ் தேதிக்குப் பின் விற்றால் கூடுதலாகக் கிடைப்பது: டிவிடெண்டில் வரி போக மிஞ்சுவது.

எக்ஸ் தேதிக்குப் பின் விற்றால் இழப்பது: விலை இறங்கிய தொகையில், குறைந்த லாபத்தால் மிச்சமாகும் வரியைக் கழித்தது.

முதல் தொகை பெரிதாக இருந்தால் பின்பு விற்கலாம். இரண்டாவது பெரிதாக இருந்தால் முன்பே விற்றுவிட வேண்டும். நீங்கள் பங்கை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது இந்த ஒப்பீட்டில் வராது. லாபம் 5 சதவீதமோ 500 சதவீதமோ, ஆதாய வரி விகிதம் மாறாத வரையில் விடை ஒன்றே.

விலை 500, டிவிடெண்ட் 10, கையில் 200 பங்குகள். டிவிடெண்டுக்கு உங்கள் வரி 30 சதவீதம், ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், இறக்கம் முழு 10. பின்பு விற்றால் டிவிடெண்டில் கிடைப்பது 7. விலையில் போனது 10, அதில் 1.25 வரி மிச்சம், ஆக இழப்பு 8.75. பங்குக்கு 1.75 நஷ்டம், 200 பங்குக்கு 350. முன்பே விற்றிருக்க வேண்டும்.

அதே பங்கு, வேறு ஒருவர். டிவிடெண்டுக்கு அவர் வரி 10 சதவீதம், குறுகிய கால ஆதாயத்துக்கு 20 சதவீதம். கிடைப்பது 9, இழப்பது 8. இவர் எக்ஸ் தேதி கழித்து விற்பதே நல்லது. ஒரே பங்கில், ஒரே வாரத்தில், ஒருவருக்குச் சரியானது இன்னொருவருக்குத் தவறாகிறது. அதனால்தான் இந்த விஷயத்தில் பொது ஆலோசனை எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

விடையை ஒரே எண்ணாகவும் வைத்துக்கொள்ளலாம். 1-இலிருந்து டிவிடெண்ட் வரி விகிதத்தைக் கழியுங்கள். அதை, 1-இலிருந்து ஆதாய வரி விகிதத்தைக் கழித்து வருவதால் வகுங்கள். முதல் எடுத்துக்காட்டில் 0.70-ஐ 0.875-ஆல் வகுத்தால் 0.80. விலை இறக்கம் டிவிடெண்டில் 80 சதவீதத்துக்கு மேல் போகும் என்றால் முன்பே விற்பது லாபம். இரண்டாவதில் 0.90-ஐ 0.80-ஆல் வகுத்தால் 1.125. இறக்கம் டிவிடெண்டை விட எட்டில் ஒரு பங்கு அதிகமானால்தான் அவர் வருந்த வேண்டும்.

நஷ்டத்தில் இருக்கும் பங்கில் கொஞ்சம் கவனம் வேண்டும். அந்த நஷ்டத்தை வேறு லாபத்தோடு கழித்துக்கொள்ள வழி இருந்தால் கணக்கு அப்படியே பொருந்தும். கழிக்க லாபமே இல்லை, இனி வரும் வாய்ப்பும் இல்லை என்றால் ஆதாய வரியைச் சுழியம் என்று போடுங்கள். முதல் எடுத்துக்காட்டு அப்போது 7-க்கு 10 ஆகிவிடும், பங்குக்கு 3 நஷ்டம். இந்த நிலையில் டிவிடெண்டுக்காகக் காத்திருப்பது, வரி கட்டுவதற்காகவே நஷ்டத்தைப் பெரிதாக்கிக்கொள்வது.

எந்த வரி விகிதத்தைப் போடுவது என்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்ட் வாங்குபவரின் வருமானத்தோடு சேர்ந்து அவரவர் வரி அடுக்கின்படி வரிக்கு உள்ளாகிறது. ஒரு நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் போனால் நிறுவனம் 10 சதவீதத்தை டிடிஎஸ் ஆக, அதாவது பணம் தரும்போதே வரியாக, பிடிக்கும். இந்த 10 சதவீதம் முன்பணம் மட்டுமே. 30 சதவீத அடுக்கில் இருப்பவர் கணக்கில் 30 என்றும், அதன் மேல் செஸ் எனும் கூடுதல் வரியையும் சேர்த்துத்தான் போட வேண்டும். சிங்கப்பூரில் வசிக்கும் தனிநபர் முதலீட்டாளருக்கு உள்ளூர் நிறுவன டிவிடெண்டுக்கும் வரி இல்லை, சாதாரண முதலீட்டு ஆதாயத்துக்கும் இல்லை. அவருக்கு வரிக் கணக்கே வேண்டாம், முன்பும் பின்பும் ஒன்றே.

அமெரிக்கப் பங்கை வெளிநாட்டிலிருந்து வைத்திருப்பவருக்கு வித்தியாசம் பெரியது. டிவிடெண்டில் 30 சதவீதத்தை அங்கேயே பிடித்துவிடுவார்கள், இரு நாட்டு ஒப்பந்தம் இருந்தால் குறையும். இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு அது 25 சதவீதம். ஆனால் பங்கு விற்ற ஆதாயத்துக்கு அமெரிக்கா பொதுவாக அவரிடம் வரி கேட்பதில்லை. பிடித்த வரியைச் சொந்த நாட்டு வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே கட்ட வேண்டிய வரி அளவுக்குத்தான். சொந்த நாட்டில் குறைந்த அடுக்கில் இருப்பவருக்கு மீதி வீண். இப்படிப்பட்டவர் விற்கப்போவது உறுதி என்றால் எக்ஸ் தேதிக்கு முன்பே விற்றுவிடுவது நல்லது.

## வைத்திருந்த நாட்கள் விடையை மாற்றும் இடங்கள்

முதலில் ஓராண்டுக் கோடு. இந்தியாவில் பட்டியலிட்ட பங்கை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் 20 சதவீதம். 300-க்கு வாங்கிய பங்கு 500-இல் இருக்கிறது என்றால் லாபம் 200. விகித வித்தியாசம் 7.5 சதவீதம், பங்குக்கு 15. டிவிடெண்டே 10-தான். ஆகவே 12 மாதம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தால், எக்ஸ் தேதியைத் தவிர்க்கிறோம் என்று அவசரமாக விற்பது பெரிய தொகையை விட்டுச் சிறிய தொகையைப் பிடிப்பதாகும். ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை நீண்டகால ஆதாயத்துக்கு விலக்கு இருப்பதால் வித்தியாசம் இன்னும் கூடலாம். அமெரிக்காவிலும் ஓராண்டுக்கு மேல் என்ற கோடு இதேபோல் வேலை செய்கிறது. வெவ்வேறு நாளில் வாங்கிய லாட்டுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தேதி பாருங்கள்.

அடுத்தது அமெரிக்க வரிதாரர்களுக்கான 61 நாள் விதி. டிவிடெண்டுக்குச் சலுகை விகிதம் (0, 15, 20 சதவீதம்) கிடைக்க வேண்டுமானால், எக்ஸ் தேதிக்கு 60 நாள் முன்னால் தொடங்கும் 121 நாள் இடைவெளியில் 60 நாளுக்கு மேல் பங்கை வைத்திருக்க வேண்டும். வாங்கிய நாளை எண்ணக் கூடாது, விற்ற நாளை எண்ணலாம். எக்ஸ் தேதிக்கு 10 நாள் முன்பு வாங்கியவர் எக்ஸ் தேதிக்குப் பின் 51-ஆவது நாளில்தான் 61 நாளை எட்டுவார். ஒரு நாள் முன்பு வாங்கியவருக்கு அது 60-ஆவது நாள். அதற்குள் விற்றால் டிவிடெண்ட் சாதாரண வருமானமாகி 37 சதவீதம் வரை போகும். புட் ஆப்ஷன் (குறித்த விலைக்கு விற்கும் உரிமை) வாங்கிப் பங்கின் அபாயத்தைக் குறைத்திருந்த நாட்கள் இந்த எண்ணிக்கையில் சேராது. ஏற்கெனவே பல மாதங்களாகப் பங்கை வைத்திருப்பவர் இந்த விதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அண்மையில் வாங்கியவருக்கும், அண்மையில் கூடுதலாகச் சேர்த்தவருக்கும்தான் இது.

ஆஸ்திரேலியாவில் டிவிடெண்டோடு வரும் ஃபிராங்கிங் கிரெடிட்டுக்கு (நிறுவனம் ஏற்கெனவே கட்டிய வரிக்காகக் கிடைக்கும் கழிவு) 45 நாள் விதி உண்டு. வாங்கிய நாள், விற்ற நாள் இரண்டையும் விட்டுவிட்டு 45 நாள் இருக்க வேண்டும். ஓராண்டில் மொத்தக் கிரெடிட் 5,000 ஆஸ்திரேலிய டாலருக்குள் இருக்கும் தனிநபருக்கு விலக்கு. இந்த விதிக்குக் கடைசியாக வாங்கியதே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். பழைய பங்குகளை விற்பதாக நினைத்துக்கொண்டு, போன மாதம் வாங்கியதன் கிரெடிட்டை இழந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

இந்தியாவில் "ரெக்கார்டு தேதிக்கு மூன்று மாதத்துக்குள் வாங்கி, பிறகு மூன்று மாதத்துக்குள் விற்றால் நஷ்டத்தைக் கழிக்க முடியாது" என்ற விதியைப் பலர் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது வரிவிலக்கு உள்ள டிவிடெண்டுக்கு எழுதிய விதி. டிவிடெண்டே வரிக்கு உள்ளான பிறகு சாதாரணப் பங்கு விற்பனையில் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

## எப்போது இந்தக் கணக்கையே விட்டுவிடலாம்

பெரும்பாலான காலாண்டு டிவிடெண்டுகள் விலையில் 1 சதவீதத்துக்கும் கீழே. ஒரு சாதாரணப் பங்கு ஒரே நாளில் 1, 2 சதவீதம் அசையும். 500 விலைக்கு 2 டிவிடெண்ட் என்றால், வரி வித்தியாசத்தில் நீங்கள் மிச்சப்படுத்துவது ஒரு பங்குக்குச் சில காசுகள். அதற்காக இரண்டு வாரம் காத்திருப்பதும், அவசரப்பட்டு விற்பதும் வீண் வேலை.

நிறுவனத்தின் தொழில் கெட்டுவிட்டது, கடன் பெருகிவிட்டது என்ற காரணத்துக்காக விற்கிறீர்கள் என்றால் இன்றே விற்றுவிடுங்கள். விலை எப்படியும் டிவிடெண்டையும் உள்ளடக்கித்தான் இருக்கிறது, அதை விலையாகவே வாங்கிக்கொள்கிறீர்கள். எங்கள் கருத்தில் தேதி பார்க்க வேண்டிய நேரங்கள் மூன்றுதான்: டிவிடெண்ட் விலையில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது, உங்கள் இரண்டு வரி விகிதங்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும்போது, வைத்திருந்த நாட்கள் ஏதாவது ஒரு கோட்டை நெருங்கும்போது.

## பெரிய சிறப்பு டிவிடெண்ட்: விதி தலைகீழாகும் இடம்

அமெரிக்கச் சந்தைகளில் டிவிடெண்ட் பங்கின் மதிப்பில் 25 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் எக்ஸ் தேதி முன்னால் வராது. பணம் தரும் தேதிக்கு அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும். விலை 40, சிறப்பு டிவிடெண்ட் 12, ரெக்கார்டு தேதி 10, பணம் தரும் தேதி 20 என்றால், 20-க்கு அடுத்த வேலை நாள்தான் எக்ஸ் தேதி. ரெக்கார்டு தேதி கடந்துவிட்டது என்று நிம்மதியாக 15-ஆம் தேதி விற்பவர் பங்கோடு டிவிடெண்டையும் விற்றுவிடுகிறார். அவர் பெயர் பட்டியலில் இருப்பதால் 20-ஆம் தேதி பணம் அவர் கணக்குக்கு வரும். பிறகு டியூ பில் (டிவிடெண்டை வாங்கியவருக்குத் தர வேண்டும் என்ற கடன் சீட்டு) மூலம் அது கழிக்கப்பட்டு வாங்கியவருக்குப் போகும். இதில் நஷ்டம் இல்லை, ஏனென்றால் அவர் டிவிடெண்ட் அடங்கிய விலைக்குத்தான் விற்றார். ஆனால் வந்த பணத்தை வெளியே எடுத்துச் செலவழித்துவிட்டால் புரோக்கர் கணக்கு மைனஸில் போகும்.

25 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வழக்கமான விதியே. மைக்ரோசாஃப்ட் 2004-இல் பங்குக்கு 3 டாலர் சிறப்பு டிவிடெண்ட் கொடுத்தது. அது விலையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. எக்ஸ் தேதி நவம்பர் 15, பணம் வந்தது டிசம்பர் 2.

போனஸ் பங்கில், அதாவது நிறுவனம் இலவசமாகத் தரும் கூடுதல் பங்கில், வேறொரு சிக்கல். எக்ஸ் தேதியன்றே விலை அதற்கேற்பக் குறைந்துவிடும், போனஸ் பங்கு கணக்கில் ஏறச் சில நாள் ஆகும். அந்த இடைவெளியில் பழைய பங்குகளை மட்டுமே விற்க முடியும். முழுவதையும் ஒரே நாளில் விற்க வேண்டியவர் எக்ஸ் தேதிக்கு முன்பே விற்க வேண்டும், அல்லது போனஸ் வந்து சேரும்வரை பொறுக்க வேண்டும்.

எக்ஸ் தேதி கடந்த பிறகும் டிவிடெண்ட் வராமல் போவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. எச்எஸ்பிசி வங்கிப் பங்கு 2020 பிப்ரவரி 27 அன்று எக்ஸ் ஆகிவிட்டது, ஏப்ரல் 14 பணம் வர வேண்டும். கொரோனா நெருக்கடியில் பிரிட்டனின் வங்கி மேற்பார்வை அமைப்பு கேட்டுக்கொண்டதால் நடுவிலேயே ரத்து செய்துவிட்டார்கள். பிரிட்டனில் இடைக்கால டிவிடெண்ட் கொடுக்கப்படும்வரை நிறுவனத்தின் கடன் ஆகாது, அதனால் இது முடிந்தது. இந்தியாவில் அறிவித்த டிவிடெண்டை, இடைக்காலமானாலும், ஐந்து நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட வேண்டும் என்று கம்பெனிச் சட்டம் சொல்கிறது.

## ஆர்டர் போடும்போது

முன்பே விற்பது என்று முடிவானால், கடைசி நாளின் கடைசி அரைமணி நேரத்துக்கு விட்டுவைக்காதீர்கள். 200-இல் 120 மட்டும் விற்று, மீதி 80 மறுநாள் விற்றால், அந்த 80-க்கு டிவிடெண்டும் வரும், வரியும் வரும். சந்தை மூடிய பிறகும் வர்த்தகம் நடக்கும் நாடுகளில், எக்ஸ் தேதிக்கு முந்தைய மாலை விற்பது முந்தைய நாள் விற்பனைதான்.

பின்பு விற்பது என்றால், திறந்த முதல் சில நிமிடங்களில் மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கும் விலைக்கு உடனே விற்கும் ஆர்டர்) வேண்டாம். இரவோடு இரவாக விலை மாறியிருக்கும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாக இருக்கும். எதிர்பார்க்கும் எக்ஸ் விலையைக் கணக்கிட்டு லிமிட் ஆர்டர் (குறித்த விலைக்குக் கீழே விற்காத ஆர்டர்) போடுங்கள். 505-க்கு ஏற்கெனவே போட்டு வைத்த விற்பனை லிமிட் தானாகக் குறையாது. 490-இல் திறந்த பங்கு 505-ஐத் தொட 3 சதவீதத்துக்கும் மேல் ஏற வேண்டும்.

விலை குறித்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்றுவிடும் ஸ்டாப் லாஸ்தான் அதிகம் காயப்படுத்துவது. 492-இல் ஸ்டாப் வைத்திருக்கிறீர்கள், எக்ஸ் தேதியன்று 490-இல் திறக்கிறது. கெட்ட செய்தி ஒன்றும் இல்லாமலே பங்கு விற்றுப்போகும். அமெரிக்காவில் நிலுவையில் உள்ள வாங்கும் லிமிட்டையும் விற்கும் ஸ்டாப்பையும் டிவிடெண்ட் அளவுக்குத் தானாகக் குறைப்பார்கள், குறைக்க வேண்டாம் என்று குறிப்பிட்டிருந்தால் தவிர. வேறு சந்தைகளில் அப்படி நடக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். எக்ஸ் தேதிக்கு முந்தைய மாலையே நிலுவை ஆர்டர்கள் அனைத்தையும் பார்த்துத் திருத்திவிடுங்கள்.

## ஆப்ஷன் எழுதியவர்களும் பங்கைக் கடன் கொடுத்தவர்களும்

கையிலுள்ள பங்கின் மேல் கால் ஆப்ஷன் (குறித்த விலைக்கு அதை வாங்கும் உரிமை) விற்றிருந்தால், விற்கும் தேதியை நீங்கள் மட்டும் தீர்மானிப்பதில்லை. அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களை எந்த நாளிலும் நிறைவேற்றலாம். கால் ஆப்ஷன் லாபத்தில் இருந்து, அதில் மிச்சமிருக்கும் கால மதிப்பு (முடிவுத் தேதி வரை உள்ள நாட்களுக்கான கூடுதல் விலை) டிவிடெண்டை விடக் குறைவாக இருந்தால், எக்ஸ் தேதிக்கு முந்தைய நாள் அதை நிறைவேற்றிப் பங்கையும் டிவிடெண்டையும் எடுத்துக்கொள்வார்கள். டிவிடெண்ட் வேண்டும் என்றால் அதற்கு முன்பே ஆப்ஷனைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். இந்தியப் பங்கு ஆப்ஷன்கள் முடிவுத் தேதியில் மட்டுமே நிறைவேறும் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

புரோக்கர் உங்கள் பங்கை மற்றவருக்குக் கடன் கொடுத்திருந்தால், டிவிடெண்டுக்குப் பதிலாக ஈட்டுத்தொகை வரும். அமெரிக்காவில் அதற்குச் சலுகை வரி கிடையாது. எக்ஸ் தேதிக்கு முன்பே கடன் கொடுக்கும் திட்டத்தை நிறுத்திவைக்கச் சொல்லலாம்.

## விற்ற பிறகு செய்ய வேண்டியவை

எக்ஸ் தேதிக்குப் பின் விற்றவருக்குப் பணம் பழைய கணக்கு வழியாகவே வரும். இந்தியாவில் நிறுவனம் அல்லது அதன் பதிவாளர் டீமேட்டோடு (பங்குகள் இருக்கும் மின்னணுக் கணக்கு) இணைந்த வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்புவார். எனவே பங்கை விற்ற கையோடு வங்கிக் கணக்கை மூடாதீர்கள். வங்கி மாற்ற வேண்டும் என்றால் ரெக்கார்டு தேதிக்கு முன்பே டீமேட்டில் மாற்றிவிடுங்கள்.

டிவிடெண்டை மறுபடி அதே பங்கில் போடும் வசதியை இயக்கி வைத்திருந்தால், முழுவதையும் விற்ற பிறகும் பணம் வரும் நாளில் கொசுறாக ஒன்றிரண்டு பங்கு வாங்கப்படலாம். விற்பதற்கு முன்பே அதை அணைத்துவிடுங்கள். அமெரிக்காவில் நஷ்டத்துக்கு விற்றவருக்கு இது இன்னும் முக்கியம். விற்பனைக்கு முன்னும் பின்னும் 30 நாளுக்குள் நடக்கும் அந்தச் சிறு கொள்முதல், அதே எண்ணிக்கை பங்குகளின் நஷ்டத்தை வாஷ் சேல் விதியின்கீழ் இப்போதைக்குக் கழிக்க முடியாமல் செய்துவிடும்.

எக்ஸ் தேதிக்கு முன் விற்றும் டிவிடெண்ட் கணக்கில் விழுந்தால், பெரும்பாலும் செட்டில்மென்ட் தாமதமாகியிருக்கும். அது திரும்ப எடுக்கப்படும், தொடாதீர்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் விற்பவர்கள் ஆண்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் இறுதி டிவிடெண்ட் பொதுக்குழுவில் அறிவிக்கப்படும் ஆண்டின் வருமானம். எக்ஸ் தேதி மார்ச்சிலும் பொதுக்குழு ஏப்ரலுக்குப் பிறகும் இருந்தால் விற்பனை இந்த ஆண்டுக் கணக்கிலும் டிவிடெண்ட் அடுத்த ஆண்டுக் கணக்கிலும் வரும்.

அறிவித்து 30 நாளுக்குள் இந்திய நிறுவனம் பணம் தந்தாக வேண்டும். வரவில்லை என்றால் பதிவாளருக்கு டீமேட் எண்ணையும் ரெக்கார்டு தேதியையும் குறிப்பிட்டு எழுதுங்கள். கேட்கப்படாத தொகை ஏழு ஆண்டு நிறுவனத்தின் தனிக் கணக்கில் இருந்துவிட்டு அரசின் ஐஇபிஎஃப் எனும் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அங்கிருந்து எடுக்க ஐஇபிஎஃப்-5 படிவம் போட்டு, நிறுவனத்தின் சரிபார்ப்பும் முடிய வேண்டும்.